காசு கொடுக்க முன் பென் டிரைவைக் குத்துங்கள்: புதிய மடிக்கணினியில் லினக்ஸ்

வெள்ளவத்தையில் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாவுக்கு இறங்கலாம். இறங்காமல் இருந்தால் அதே பஸ் புறக்கோட்டையில் கொண்டுபோய் விடும். அங்கே முதலாம் குறுக்குத் தெரு. கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்குப் புறக்கோட்டை நடந்தே போகும் தூரம். கொழும்பில் மடிக்கணினி வாங்கப் புறப்படுகிறவர் அநேகமாக இந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்குத்தான் போகிறார். எங்கே வாங்கினாலும் ஒரு விடயம் பொது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு "இதிலே லினக்ஸ் ஓடுதில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தால் எந்தக் கடையும் பொருளை ஏற்காது. விண்டோஸ் ஓடினால் கடைக்காரர் அளவில் பொருள் சரியானதுதான். அவர்மீது குறை சொல்லவும் முடியாது.

அதனால்தான் நிறுவுவதைவிட வாங்குவதைப் பற்றி இந்த அத்தியாயத்தில் அதிகம் எழுதுகிறேன். பொருத்தமான இயந்திரம் கையில் இருந்தால் லினக்ஸ் நிறுவ அரை மணி நேரம் போதும். பொருத்தமில்லாத இயந்திரம் அமைந்துவிட்டால் மாதக்கணக்கில் வைஃபையோடும் ஒலியோடும் மல்லுக்கட்ட வேண்டிவரும். கடைசியில் "லினக்ஸ் சரிவராது" என்று மனம் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுப் போனவர்கள் பலருக்கு நேர்ந்தது லினக்ஸின் குறையே அல்ல. வாங்கும்போது யாரும் பரிசோதிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெட்டிக்குள் எந்த விண்டோஸ்?

விலைப்பட்டியலில் ஒரே மொடல் இரண்டு விலையில் இருக்கக் காண்பீர்கள். ஒன்றுக்கு நேரே விண்டோஸ் 11 என்றும், மற்றதற்கு நேரே டொஸ் என்றும் போட்டிருக்கும். விண்டோஸ் என்று போட்டதில் உரிமம் இயந்திரத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்த உரிமத்தின் இலக்கம் தாய்ப்பலகையின் நிலைபொருளுக்குள் எழுதப்பட்டிருக்கும். வன்வட்டு முழுவதையும் அழித்தாலும் அது அழியாது. பின்னொரு நாள் விண்டோஸ் தேவைப்பட்டால் மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கி அதே பதிப்பை நிறுவினால் போதும், தானாகவே செயற்பாட்டுக்கு வரும். லினக்ஸ் போட்டால் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் போய்விடுமே என்ற பயம் பலருக்கு உண்டு. அது போகாது.

டொஸ் என்று போட்டதில் எந்த உரிமமும் இல்லை. லினக்ஸ் மட்டும் போதும் என்று உறுதியாக இருப்பவர் இதை வாங்கினால் உரிமத்தின் விலை மிச்சம். ஆனால் இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது: "விண்டோஸ் சும்மா போட்டுத் தாறம்" என்று கடையிலேயே சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, உரிமம் இல்லாத விண்டோஸைத் திறக்கப் பயன்படுத்தும் சிறு நிரல்களோடு தீநிரல்களும் கூடவே வருவதுண்டு. புத்தம் புதிய இயந்திரத்தின் முதல் நாளிலேயே அதை உள்ளே விடுவானேன்?

பென் டிரைவைத் தயார்செய்தல்

கடைக்குப் போகும் முந்தின நாளே இதைச் செய்துவிடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும். பேர்போன நிறுவனத்தின் ஒன்றை ஒழுங்கான கடையில் வாங்குங்கள். நடைபாதையில் நம்பவே முடியாத விலைக்கு 1 டிபி என்று விற்கும் பென் டிரைவ்களின் உண்மையான கொள்ளளவு அதில் ஒரு சிறு பங்குதான். எழுதும்போது பிழை காட்டாது, திரும்ப வாசிக்கும்போதுதான் கோப்பு உடைந்திருப்பது தெரியவரும்.

எந்த லினக்ஸ்? புதிய மடிக்கணினிக்கு நான் பார்ப்பது பெயரைவிட, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் வயதை. வைஃபை, ஒலி, திரை என்று எல்லா வன்பொருளுக்கும் உரிய இயக்கிகள் கேர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. இந்த ஆண்டு வெளிவந்த இயந்திரத்துக்கு இரண்டு ஆண்டு பழைய கேர்னல் போதாமல் போகலாம். உபுண்டு 24.04 முதலில் 2024 ஏப்ரலில் 6.8 கேர்னலுடன் வந்தது. அதே வெளியீட்டின் 24.04.3 இறுவட்டுப் படிமம் 2025 ஓகஸ்ட்டில் 6.14 கேர்னலுடன் வந்தது. ஆகவே நண்பர் ஒருவர் முன்பு இறக்கி வைத்த படிமத்தை வாங்கிப் போடாமல், கடைசியாக வந்ததை நீங்களே இறக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு வரும் ஃபெடோரா இன்னும் புதிய கேர்னலைத் தரும். லினக்ஸ் மின்ட் விண்டோஸிலிருந்து வருகிறவருக்குக் கண்ணுக்குப் பழக்கமானது. முதல் தடவை என்றால் உபுண்டு அல்லது மின்ட் இரண்டில் ஒன்று. மற்றவற்றை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

உபுண்டுவின் படிமம் ஏறத்தாழ 6 ஜிபி, மின்ட் 3 ஜிபிக்குக் கிட்ட. உங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பின்னான தரவு தனியாக இருந்தால் இரவில் இறக்க விடுங்கள். இறக்கி முடிந்ததும் தளத்தில் கொடுத்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். பல படிமங்களை ஒரே பென்னில் வைக்க உதவும் வென்டோய் நல்ல கருவிதான், ஆனால் கடைக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். கையொப்பமில்லாத பூட் நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில் வென்டோய் தன் சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். இன்னும் உங்களுடையதாகாத இயந்திரத்தில் அப்படி எதையும் மாற்றக் கூடாது. உபுண்டுவை நேரடியாக எழுதினால் அதன் பூட் நிரலில் மைக்ரோசொப்ட்டின் கையொப்பம் இருப்பதால் பெரும்பாலான இயந்திரங்களில் செக்யூர் பூட்டைத் தொடாமலே ஏறும்.

கடை மேசையில்

பேச்சு இவ்வளவுதான்:

"அண்ணை, காசு கட்டுறதுக்கு முதல் இந்தப் பென்னைக் குத்தி ஒருக்காப் பாக்கலாமே? ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணமாட்டன்."

"உள்ளுக்க இருக்கிற விண்டோஸுக்கு ஒண்டும் ஆகாதே தம்பி?"

"ஆகாது அண்ணை. பென்னைக் கழட்டிப்போட்டு ஒன் பண்ணினால் பழையபடி வரும்."

இதற்கு மறுக்கும் கடையும் உண்டு. பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது, தயங்காமல் நகருங்கள்.

சோதிப்பது காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தை அல்ல. உங்களுக்கென்று பெட்டி உடைத்துத் தரும் இயந்திரத்தில்தான் பென்னைக் குத்த வேண்டும். ஒரே மொடல் எண்ணுக்குள் வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு வைஃபை அட்டைகள் வருவது சாதாரணம். இணையத்தில் "இந்த மொடலில் எல்லாம் ஓடுகிறது" என்று வாசித்துவிட்டு வாங்கியவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இயந்திரத்தைப் போட்டவுடன் பூட் பட்டியலைக் கொண்டுவரும் விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். டெல்லுக்கும் லெனோவோவுக்கும் எஃப்12. எச்பிக்கு எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸுக்கு எஸ்கேப். எம்எஸ்ஐக்கு எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மொடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் அந்தப் பட்டியலை இயக்கிவிட வேண்டும். 2022க்குப் பின் வந்த சில திங்பேட்களில் மைக்ரோசொப்ட் அல்லாதவரின் பூட் நிரலை ஏற்கும் தெரிவு அணைக்கப்பட்டே வருகிறது. பயோஸின் செக்யூர் பூட் பகுதியில் அதை இயக்கினால்தான் பென் ஏறும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டே அதைச் செய்யுங்கள்.

நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவில் உள்ளே போனதும் முதல் வேலை வைஃபை. உங்கள் கைத்தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு அதில் இணைத்துப் பாருங்கள். வலையமைப்புகளின் பட்டியலே வரவில்லை என்றால் அட்டைக்கு இயக்கி இல்லை. இன்டெலின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை தொல்லை தருவதில்லை. மீடியாடெக் எம்டி7921, எம்டி7922, ரியல்டெக் 8852 வரிசை ஆகியவை புதிய கேர்னலில் ஓடும். மீடியாடெக் எம்டி7902 விலை குறைந்த மடிக்கணினிகளில் பரவலாக வந்தது. அதற்கு நீண்ட காலம் கேர்னலில் இயக்கி இருக்கவில்லை. அந்த அட்டை இருந்து, பட்டியலும் வராவிட்டால் இயந்திரத்தை வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது ஒலி. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, பிறகு ஹெட்போனில் அதே பாட்டு, பிறகு ஒலிவாங்கியில் உங்கள் குரலைப் பதிந்து கேட்பது. வெள்ளவத்தை வீடுகளில் மடிக்கணினியின் பெரும் வேலைகளில் ஒன்று லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் உறவுகளோடு பேசுவது. ஒலிவாங்கியும் கமராவும் ஓடாத இயந்திரம் அந்த வீட்டுக்கு எதற்கு? பெரும்பாலான கமராக்கள் யுஎஸ்பி வழியாக இணைந்தவை, தானாகவே ஓடும். மெல்லிய, விலை கூடிய சில இன்டெல் இயந்திரங்களில் ஐபியு6 என்ற வேறு வழியில் கமரா இணைந்திருக்கும். அவை லினக்ஸில் சிக்கல் கொடுப்பவை.

பிறகு மூடியை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். திறக்கும்போது திரை உடனே வர வேண்டும், வைஃபை மீண்டும் இணைய வேண்டும். இந்தச் சோதனையை அநேகர் செய்வதில்லை. உறக்கத்திலிருந்து எழும்பாத மடிக்கணினியோடு நாள்தோறும் வாழ்வது மிகக் கஷ்டம் என்பதால் நான் இதை முக்கியத்துவத்தில் வைஃபைக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளையும் தொடுபலகையையும் அந்த இடைவெளியில் பார்த்துவிடலாம். கைரேகை வாசிப்பானை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், ஓடினால் நல்லது.

கடைசியாக, டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். பென் டிரைவ் மட்டும் தெரிந்தால் பயோஸில் இன்டெலின் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற வட்டு மேலாண்மை முறை இயங்குகிறது என்று பொருள். இது இயந்திரத்தின் குறை இல்லை, வீட்டில் தீர்க்கலாம், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். என்விடியா அட்டை உள்ள இயந்திரம் பென்னிலிருந்து ஓடும்போது காற்றாடி சத்தம் போட்டாலும் பயப்பட வேண்டாம். அதற்குரிய இயக்கியைப் பிறகுதான் நிறுவுவோம்.

வீட்டில், விண்டோஸுக்குப் பக்கத்தில்

உரிமத்தோடு விண்டோஸ் வந்திருந்தால் முதல் ஆண்டு அதை அழிக்காதீர்கள். உத்தரவாதக் காலத்தில் பழுது என்று போனால் சேவை நிலையத்தில் விண்டோஸில்தான் பரிசோதிப்பார்கள். 512 ஜிபி எஸ்எஸ்டியில் 100 ஜிபியை லினக்ஸுக்கு ஒதுக்கினால் தாராளம்.

ஒழுங்கு முக்கியம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள் மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் வட்டைத் தானாகவே மறைகுறியாக்குகின்றன. அதற்கான 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் சேமிக்கப்படும். முதலில் அதை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட்டிலோ பயோஸிலோ எதையாவது மாற்றிய மறுகணம் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது போனது போனதுதான். எளிய வழி, நிறுவ முன் விண்டோஸ் அமைப்புகளில் அந்த மறைகுறியாக்கத்தை நிறுத்திவிடுவது. அதன்பின் பவர் தெரிவுகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணையாமல் வட்டைப் பிடித்துவைத்திருக்கும். பிறகு விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே அதன் பகுதியைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குங்கள். கடையில் எஸ்எஸ்டி தெரியாததால் விஎம்டியை அணைக்க வேண்டியிருந்தால் விண்டோஸை ஒருமுறை பாதுகாப்பு முறையில் ஏற்றியே மாற்ற வேண்டும். நேரே மாற்றினால் விண்டோஸ் ஏறாது.

இனி நிறுவியை ஓட்டலாம். அது கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். நேர வலயத்தில் கொழும்பைத் தெரிவுசெய்யுங்கள். என்விடியா இயக்கியை நிறுவச் சொன்னால் ஒரு கடவுச்சொல் கேட்கலாம். கேட்டால், அடுத்த தடவை ஏறும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் சாவியைப் பதிவுசெய்யும் தெரிவை எடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் அதைத் தாண்டி விட்டால் இயக்கி வேலைசெய்யாது.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும் முதல் நாளிலேயே ஒரு விசித்திரம் காண்பீர்கள்: கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பழுது ஒன்றுமில்லை. தாய்ப்பலகைக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக வாசிக்கிறது, லினக்ஸ் உலக நேரமாக வைக்கிறது. இலங்கைக்கும் உலக நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணி. லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் கருவியில் லோக்கல் ஆர்டிசி அமைப்பை ஒன்று என்று மாற்றினால் தீர்ந்தது. கோடை நேரம் மாறும் நாடுகளில் இப்படிச் செய்வதை வல்லுநர்கள் விரும்புவதில்லை. நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே நேரம், ஆகவே தொல்லை இல்லை.

வைஃபை ஏதோ காரணத்தால் ஓடாமல் போனால் அண்ட்ரொயிட் தொலைபேசியை யுஎஸ்பி கேபிளால் செருகி, அதில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். எந்த இயக்கியையும் தனியாக நிறுவாமலே இணையம் வந்துவிடும்; மற்றதெல்லாம் அதன் வழியே இறக்கலாம். புதுப்பிப்புகள் மந்தமாக வந்தால் மென்பொருள் அமைப்பில் இலங்கைச் சேவையகத்துக்குப் பதில் முதன்மைச் சேவையகத்தைத் தெரிவுசெய்து பாருங்கள். 2022இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த நாட்டில் பற்றரி சும்மா ஒரு விடயமில்லை. 80 வீதத்தில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதியைப் பல திங்பேட், ஆசுஸ் இயந்திரங்களில் லினக்ஸிலிருந்தே அமைக்கலாம்.

தமிழ்

தமிழ் யுனிகோட் லினக்ஸில் முதல் நாளிலிருந்தே சரியாகத் தெரியும். நோட்டோ எழுத்துரு கூடவே வருகிறது. தட்டச்சுதான் அமைக்க வேண்டியது. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் உள்ளீட்டு மூலமாகத் தமிழைச் சேருங்கள். ஐபஸ் எம்17என் பொதி இருந்தால் தமிழ்99, ஒலியியல் முறை, தட்டச்சுப்பொறி முறை, இலங்கையில் அரச அலுவலகங்களுக்குப் பழக்கமான ரங்கநாதன் முறை எல்லாம் வரிசையாக வரும். இல்லையென்றால் மென்பொருள் நிலையத்தில் அந்தப் பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த முத்தையா யாழ்ப்பாணத்தவர். அந்தத் தட்டச்சில் பழகிய விரல்களுக்கு லினக்ஸில் இடம் உண்டு என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சிக்கல் பாமினி என்ற பழைய எழுத்துருவில். இங்கே பாடசாலை வினாத்தாள்கள், கோயில் துண்டுப்பிரசுரங்கள், சங்க அறிக்கைகள் பெரும்பாலும் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பை லிபர் ஒஃபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, பாமினி எழுத்துரு இயந்திரத்தில் இல்லை என்பதுதான் காரணம். எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவினால் தமிழாகும். வாசிக்க அது போதும். திருத்திச் சேமித்துவைக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றி ஒன்றின் வழியே யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாமினியில் இருக்கும் தமிழைத் தேடவும் முடியாது, கைத்தொலைபேசியில் வாசிக்கவும் முடியாது. ஆண்டுக்கணக்காகத் தட்டச்சுசெய்த உழைப்பு ஒரு எழுத்துருக் கோப்பை நம்பி நிற்பது எனக்குக் கவலை தருகிறது.

யாருக்கு வேண்டாம், யாருக்குக் கட்டாயம்

புறக்கோட்டைக் கடையில் பில் அடிக்கும் இயந்திரத்துக்கு லினக்ஸ் போடாதீர்கள். டாலி, குவிக்புக்ஸ், உள்ளூரில் எழுதிய பில் மென்பொருள் எல்லாம் விண்டோஸை நம்பியவை. வியாபாரம் நடக்கும் நேரத்தில் பரிசோதனை செய்யக் கூடாது. அச்சகத்துக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவர் இன்டிசைனையோ பேஜ்மேக்கரையோ விட முடியாதென்றால் அவரும் விண்டோஸில் இருக்கட்டும். ஓட்டோகேட் கற்கும் பொறியியல் மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைக்கோ நான் தயங்காமல் லினக்ஸையே சொல்வேன். பாடத்திட்டத்தில் வரும் பைதன், பிஎச்பி, தரவுத்தளம் எல்லாம் காசில்லாமல், உடைத்துத் திறக்காத மென்பொருளாக அங்கே கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு இங்கேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 2004 டிசம்பர் 26இல் சுனாமி கரையைத் தாக்கிய அடுத்த நாட்களில், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக எழுதியதுதான் சஹானா. அது பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் எழுதிய திறந்த மூல மென்பொருள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குச் சமூக நன்மைக்கான விருதைக் கொடுத்தது. கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகின் முன்வரிசையில் நின்றது. அந்த வழியில் போக நினைக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு லினக்ஸ் இயந்திரம் இருப்பது பெரிய துணை.

பற்றுச்சீட்டில் எழுதவேண்டியவை

காசு கட்ட முன் கேட்கவேண்டியது: இது முகவரின் உத்தரவாதமா, கடையின் உத்தரவாதமா? முகவர் உத்தரவாதம் என்றால் கடை மூடிப்போனாலும் சேவை கிடைக்கும். தொடரிலக்கம் பற்றுச்சீட்டில் இருக்கிறதா என்று இயந்திரத்தின் அடியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ரேம் கூட்டுவதானால் கடையிலேயே கூட்டச் சொல்லி அதையும் எழுதுவியுங்கள். வேறு ஓஎஸ் நிறுவுவதால் வன்பொருள் உத்தரவாதம் பாதிக்குமா என்று வாய்விட்டுக் கேட்டு, பாதிக்காது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழுது வந்தால் முதலில் அதே பென் டிரைவிலிருந்து ஏற்றிப் பாருங்கள். நிறுவிய லினக்ஸில் வரும் கோளாறு பென்னிலும் விண்டோஸிலும் வந்தால் அது வன்பொருள். சேவை நிலையத்துக்கு எடுத்துப் போகலாம். கொண்டுபோக முன் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் பிரதிசெய்து, இயந்திரம் விண்டோஸில் ஏறும்படி பூட் ஒழுங்கை மாற்றிவிடுங்கள். பற்றுச்சீட்டு வெப்பத் தாளில் அச்சிட்டதென்றால் வாங்கிய அன்றே அதைப் படம்பிடித்து வையுங்கள். உத்தரவாதம் முடியும் முன்பே அதன் எழுத்து மங்கிவிடும்.